பதனிக்கு என்ன விலை தரலாம்?

பதனியின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் கடையநல்லூரிலிருந்து தென்காசி போகும் சாலையோரம் பானை வைத்து விற்பவர் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்ததும், முதல் வாயை உடனே விழுங்காமல் கொஞ்சம் நிறுத்திவைப்பேன். முதலில் இனிப்பு தெரியும். அதன் பின்னால் பச்சை ஓலை மணம், தொண்டையில் இறங்கும்போது சுண்ணாம்பின் மெல்லிய காரல். ஒன்று மற்றொன்றை அமுக்காமல் இருந்தால் அது நல்ல பதனி.

எல்லாச் சூட்சுமமும் சுண்ணாம்பில்தான். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே அதைத் தடவாவிட்டால் இறங்கும் சாறு தானே நொதித்துக் கள்ளாகிவிடும். கூடிப்போனால் நாக்கு தடித்துப்போகும். குறைந்தால் நுரை கட்டும், புளிப்பு தட்டும். வெயிலுக்கும் இரவின் புழுக்கத்துக்கும் தக்கபடி எவ்வளவு பூச வேண்டும் என்பது பனையேறியின் கைப்பழக்கம். தண்ணீர் கலந்ததையும் நாக்கு கண்டுபிடிக்கும்: இனிப்பு முன்நாக்கிலேயே நின்றுவிடும். சாக்கரின் போட்டிருந்தால் குடித்து வெகுநேரம் கழித்தும் கசப்பு கலந்த தித்திப்பு போகாது.

நீலக் கற்றாழையிலிருந்து வடிக்கும் மெக்சிகோவின் டெக்கீலா மதுவிலும் இதே வழக்கு உண்டு. பீப்பாயில் ஊறப்போடாத 'பிளாங்கோ'வைத்தான் ரசிகர்கள் கூர்ந்து சோதிக்கிறார்கள். மரத்தின் மணம் ஏறாததால் கற்றாழையின் குணமும் குறையும் அப்படியே தெரிந்துவிடும். அங்கே சட்டப்படி 51 சதவீதச் சர்க்கரை அந்தக் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மிச்சம் கரும்பிலிருந்து வரலாம். ஆகவே வாங்குகிறவர் '100 சதவீதம்' என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார். நம் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதனிப் பானையில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டும் கிடையாது.

விலையைச் சரிபார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி கருப்பட்டிக் கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதனி காய்ச்ச வேண்டும். அசல் கருப்பட்டி விற்கும் விலையில் விறகையும் காய்ச்சுகிறவரின் உழைப்பையும் கழித்துவிட்டு, மீதியை எட்டால் வகுத்துப் பார்க்கலாம். அதற்கும் கீழே ஒருவர் பதனி விற்றால் எனக்குச் சந்தேகம் வரும். காய்ச்சினாலே கூடுதலாகக் கிடைப்பதை அவர் ஏன் குறைத்து விற்கப்போகிறார்?

இந்தக் கணக்கில் மரம் ஏறுகிற கூலி தனியாகத் தெரிவதில்லை. பருவத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளையைச் சீவியாக வேண்டும். விட்டுவிட்டால் பாளை காய்ந்து ஊறுவது நின்றுவிடும். விற்பனை இல்லாத நாளிலும் விடுமுறை கிடையாது. கற்றாழையை ஆறேழு வருடம் வளர்த்து ஒரே தடவையில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பனையோ பத்துப் பதினைந்து வருடமாவது காத்திருக்கவைத்து, பிறகு தலைமுறை தாண்டியும் ஊறுகிறது, ஏற ஆள் இருக்கும்வரை. ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் எங்கள் பக்கம் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் வளைகுடாவுக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் நல்ல பதனி என்று நாக்கு சொல்லிவிட்டால் நான் பேரம் பேசுவதில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் அதே பானையில் இருப்பது வேறு பதனி.