அடுப்பங்கரைக்கு ஒரு பாலாலயம்

கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது மரபு. மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, அத்திமரப் பலகையிலோ சித்திரப் படத்திலோ எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் நித்திய பூஜையைத் தொடர்வார்கள். அதன் பிறகே சந்நிதியில் உளியோசை கேட்கும். பள்ளிப்பட்டில் ஒரு வீட்டில், ஓர் ஆனி மாதத்தில், சமையலறைக்கும் இப்படியொரு பாலாலயம் நடந்தது. நடத்தி வைத்தவர் அவ்வீட்டு அம்மையார்.

அவருடைய கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரில் கணக்கு வாத்தியார் என்றால்தான் தெரியும். வயது 71. அவர்கள் வீட்டுச் சமையல் மேடை 1986ஆம் ஆண்டு எரிவாயு இணைப்பு வந்தபோது கட்டப்பட்டது. அதுவரை வாத்தியாரின் தாயார் தரையில் அமர்ந்து மண் அடுப்பில்தான் சமைத்தார். அந்த மேடையும், அதன்கீழ் அமைந்த மரக் கதவுகளும், சுவரில் மாட்டிய அலமாரிகளும், மூலையிலிருந்த எவர்சில்வர் சிங்கும் இப்போது முதுமை எய்திவிட்டன. அலமாரியின் முதுகுப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. சிங்கின் ஓரத்தில் கசிந்த நீர் சுவரில் ஏறி, மறுபுறம் பூஜையறையில் சுவாமி படங்களுக்குப் பின்னால் ஈரத்திட்டாகத் தெரியத் தொடங்கியது. அம்மையாருக்குப் பொறுக்க முடியாமற்போனது அந்த ஈரத்திட்டுதான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, ஆள் அனுப்புறேன். மிஷின் வச்சு ஒரே நாள்ல உடைச்சுடுவாங்க." வாத்தியார் இசையவில்லை. இயந்திரம் மேடையை மட்டும் பார்த்து உடைக்காது; அதிர்ச்சி பூஜையறைச் சுவருக்கும் போகும் என்றார். மகனின் கவலையும் நியாயமானதே. 71 வயதில் உளி பிடிப்பது யாருக்கும் சொல்லத்தக்க யோசனையன்று. பாரம் தூக்குவதில்லை, ஏணியில் ஏறுவதில்லை என்று இரண்டு வாக்குறுதிகளைப் பெற்றுக்கொண்ட பிறகே மகன் விட்டுக்கொடுத்தான்.

ஆடி பிறந்தால் எதையும் தொடங்க முடியாது, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக வேண்டும் என்று அம்மையார் நாள் குறித்தார். பிரிப்பதும் தொடங்குவதாகுமா என்று வாத்தியார் கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. ஆகவே ஆனியிலேயே வேலை.

முதல் நாள் காலை, அரிசிப் படியின்மேல் அமர்ந்திருக்கும் சிறிய அன்னபூரணி விக்கிரகத்தை அம்மையார் கற்பூரம் காட்டி எடுத்துப் பின்தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். அடுப்பும் அங்கேயே போயிற்று. மாமியார் சமைத்ததுபோலத் தரையிலேயே அடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். வாத்தியார் தடுத்தார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்திய பழைய மேசை பரணிலிருந்து இறங்கியது. அடுப்பு அதன்மேல் அமர்ந்தது. ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் புதுக் குழாயும் வாங்கிப் பொருத்தினார்கள்.

இனி வாத்தியாரின் முறைமையைச் சொல்ல வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைசியில் வந்தது முதலில் போக வேண்டும். ஸ்ரீசைலம் அணை நீரில் மூழ்கவிருந்த கூடவெல்லி சங்கமேசுவரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் மீண்டும் எழுப்பிய கதையை அவர் வகுப்பில் பலமுறை சொன்னதுண்டு. இடிப்பதற்குப் பலம் போதும், பிரிப்பதற்குக் கணக்கு வேண்டும் என்பாராம். அந்தப் பழக்கத்தில் அலமாரிக் கதவுகளுக்கும் சாக்கட்டியால் எண் இட்டார். தூக்கி எறியப்போகும் கதவுக்கு எண் எதற்கு என்று அம்மையார் சிரித்தார்.

துருவேறிய திருகாணிகளுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு வைத்தார்கள். மறுநாள் பாதிக்கு மேல் எளிதாகக் கழன்றன. கதவுகள், இழுப்பறைகள், பிறகு சுவர் அலமாரிகள். அலமாரியைக் கழற்றும்போது அதன் அடியில் முக்காலியும் தலையணையும் கொடுத்து, அடுத்த தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஏணியில் ஏறியவரும் அவரே. வாத்தியார் வாக்குத் தவறவில்லை.

சிங்குக்கு ஒரு முழு நாள் பிடித்தது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து மிச்ச நீரை வடித்து, அடியில் வாளி வைத்துக் கழிவுக் குழாயைத் திருகிக் கழற்றினார்கள். சுவரிலுள்ள சாக்கடை வாயைத் துணிப்பந்தால் உடனே அடைத்தார் வாத்தியார். இல்லையேல் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் குடியேறும். சிங்கைச் சுற்றியிருந்த வெள்ளை சிமெண்டைச் சிற்றுளியால் ஓரம் ஓரமாகக் கொத்தி எடுத்தபோது கசிவின் காரணம் தெரிந்தது. சுண்டுவிரல் நுழையும் ஒரு விரிசல். எத்தனை ஆண்டுகளாகவோ அது பூஜையறைச் சுவருக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் தாழ்வாரத்தில் சாதம் பரிமாறும்போது அம்மையார் சொன்னார்: "ஏங்க, ரெண்டு நாளா தோள் வலியே தெரியல."

எண்ணெய், கஷாயம், மாத்திரை, சுடுநீர்ப் பை என்று பல ஆண்டுகளாகப் பார்த்த வலி அது. ஓய்வாக இருப்பதால் இருக்கும் என்றார் வாத்தியார். ஓய்வு ஏது? சமையல் அதே சமையல்தான். தறிக்கார நண்பருக்கும் சேர்த்து மூன்று வேளை நடந்தது.

எஞ்சியது கல். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்டால் கருமை போய் வெளுக்கும். அந்த மேடையில் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு வெளுப்பு இருந்தது. அம்மையார் எலுமிச்சை நறுக்கும் இடம். 7 அடி நீளம், 2 அடி அகலம், 1 அங்குலக் கனம். வாத்தியார் தாளில் கணக்கிட்டு ஏறக்குறைய 90 கிலோ என்றார். நான்கு ஆட்கள் வந்தார்கள். சுவருக்குள் புதைந்திருந்த விளிம்புக்கு மேலே பூச்சைக் கொத்தி, நீர் தெளித்துத் தூசியை அடக்கி, கடப்பாரையால் மெல்ல நெம்பினார்கள். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் முறியும். விளிம்பில் நிறுத்தித்தான் சுமக்க வேண்டும். ஒரு கீறலும் இல்லாமல் அது கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. துணி துவைக்க ஆகும் என்று அம்மையார் இடம் காட்டினார்.

தரையைப் பெருக்கியபோது மூலையில் கிடந்த பலகையை வாத்தியார் எடுத்தார். தினமும் பார்த்த பலகைதான். தரை ஈரத்துக்காக அம்மையார் அதன்மேல் நின்று சமைக்கிறார் என்றே அவர் எண்ணியிருந்தார். நடுவில் இரண்டு பாதங்கள் தேய்த்த வழவழப்பு. ஓரத்தில் வேறு மரத்துண்டுகள் ஆணியடித்து உயர்த்தப்பட்டிருந்தன. அளந்தார். 3 அங்குலம்.

"இது எதுக்கு?"

"மேடை அத்தை உயரத்துக்குக் கட்டினதுங்க. மேஸ்திரி அவங்களைத்தான் நிக்க வச்சு அளந்தாரு. அவங்க நல்ல உயரம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"வந்து நாலு வருஷம். என்னன்னு சொல்றது? பலகைதான் இருந்துச்சே. முட்டி வலிக்க ஆரம்பிச்சதும் அதுல ஏறி இறங்க முடியல. அஞ்சாறு வருஷமா கீழ நின்னுதான் செய்யறேன்."

வாத்தியார் நெடுநேரம் பேசவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உயரமும் தூரமும் கணக்கிடக் கற்பித்தவர் அவர்.

இரண்டு நாள் கழித்துப் புது மேடைக்கு மேஸ்திரி வந்தார். உயரம் வழக்கம்போல வைக்கலாமா என்றார். பழைய மேடை சுவரில் விட்டிருந்த தடம் 35 அங்குலத்தில் இருந்தது. வாத்தியார் அம்மையாரை அழைத்து வெறுங்காலோடு சுவரோரம் நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கி, அதற்கு நான்கைந்து விரற்கடை கீழே மேடை வர வேண்டும் என்று மேஸ்திரிக்கு விளக்கினார். நாடாவில் 32 வந்தது. 35இலிருந்து பலகையின் 3 அங்குலத்தைக் கழித்தாலும் அதே 32தான். நாடாவும் பென்சிலும் இல்லாமல் அந்த அம்மையார் 38 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த விடை.

மேஸ்திரி கோடு போடப் பென்சிலை எடுத்தார். அம்மையார் சற்று விலகி, மறுபடி வந்து நின்றார். சுவரைப் பார்த்துத் திரும்பியதும், தரையைப் பார்க்காமலே வலது பாதத்தால் எதையோ தேடினார். பலகை தாழ்வாரத்தில் அன்னபூரணிக்குக் கீழே இருந்தது.