வாழைக்குருத்துப் பச்சையைத் தேடி

செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குப் போய் வருவது ஒரு பிரயாணமா, அதைப் பற்றி ஒரு கட்டுரை வேறு எழுத வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். மின்சார ரயிலில் ஏறிச் சிறிது கண்ணயர்ந்தால் எழும்பூர் வந்துவிடும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் நாம் போனது ரயிலில் அல்ல. 1969-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டார் வண்டியில். எண்பது வயதான தாயாரை முன் ஆசனத்தில் அமர்த்திக்கொண்டு, காணாமற்போன ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டு போனோம்.

விஷயம் இதுதான். சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது வாசல் தூணில் உராய்ந்துவிட்டோம். இடது பக்கத்துப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு வர்ணம் பெயர்ந்து தகரம் தெரிந்தது. நிதானத்தின் மேன்மையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பல வருஷங்களாகப் போதித்து வரும் உபாத்தியாயருக்கு இப்படியா நேரவேண்டும்! தாயார் பார்ப்பதற்குள் காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்து, உள்ளூர்க் கடையில் பச்சை வர்ணம் அடைத்த பீச்சுக் குப்பி ஒன்றை வாங்கி வந்து அடித்தோம். குப்பியின் மூடியில் இருந்த நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றுபோலத்தான் தோன்றின. காய்ந்த பிறகு தாயார் வாசலுக்கு வந்தார்.

"அப்பா வண்டிக்கு யாருடா பத்துப் போட்டது?" என்றார்.

அவர் கண்களுக்கு இப்போது தப்ப முடியாது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இரண்டு கண்களிலும் புரை நீக்கியிருந்தது. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பது போல உலகத்தைப் பார்க்கிறது. அதை நீக்கிய பிறகு வெள்ளையும் நீலமும் பளிச்சென்று தோன்றுகின்றன. சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாக வண்டியை ஊன்றிப் பார்த்த தாயார், நாம் பூசியதை மட்டும் குறை கூறவில்லை. மொத்த வண்டியுமே தப்பு என்றார். "இது வாழைக்குருத்து நிறமடா! சாம்பல் பூத்த மாதிரி அல்லவா இருக்கிறது? என்ன செய்தாய்?" என்று கேட்டார். 1978-இல் தந்தையார் அதைப் பழைய வண்டியாக வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது, மாவிலைத் தோரணம் கட்டி ஆரத்தி எடுத்தவர் அவர். பிறந்த சில நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வீடு வந்ததும் அதே வண்டியில்தான். தந்தையார் காலமாகி ஒன்பது வருஷங்களாகின்றன. மாறியது கண்ணா, ஞாபகமா, வர்ணமா? வீட்டிலிருந்துகொண்டு தீர்க்கக்கூடிய வழக்காக அது தோன்றவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம்.

ஜி.எஸ்.டி. சாலையில் இந்த வண்டியை ஓட்டுவது ஒரு தனி அனுபவம். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் அவசரப்படுவதில்லை. லாரிகளும் பஸ்களும் நம்மைக் கடந்துபோகும்போது அவற்றிலிருந்து யாராவது ஒருவர் கை ஆட்டுகிறார். மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலையைத் தாண்டினோம். 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றுபோயிற்று. வண்டலூர் வந்ததும் தாயார், "இங்கேதானே பிறந்தது?" என்று வண்டியின் முன்பலகையைத் தடவிக்கொடுத்தார்.

ஆம், இங்கேதான். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு வண்டியை, 1961 முதல் சுமார் பத்து வருஷ காலம் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. ஆனால் சீமையிலே அந்த வண்டிக்கு இரண்டு கதவுகள்தாம்! நாலு கதவு வைத்தது நம் சென்னைத் தொழிலாளிகள். குடும்பம் என்றால் பாட்டி, அத்தை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் அல்லவா! ஆகவே நாம் உராய்ந்து வைத்த பின்கதவு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படாதது. இதை நினைக்க நமக்குப் பெருமையாகவும், செய்த காரியத்தை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த நிலத்தில் கணினி அலுவலகங்களும் அடுக்கு வீடுகளும் எழும்பி நிற்கின்றன.

அண்ணா சாலையை அடைந்து, மோட்டார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் முதலில் விசாரித்தோம். ஒரு கடையில் நிறத்தை அளக்கும் கைக்கருவி ஒன்றைக் கதவின்மேல் வைத்தார்கள். வர்ணத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியைக் கணக்கிட்டு, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று சொல்லுகிற அற்புதமான யந்திரம் அது. புதிய வண்டிகளுக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் நம் கதவில் இடத்துக்கு இடம் வெவ்வேறு கணக்குச் சொல்லிற்று. கடைக்காரரே சிரித்துவிட்டு, "ஸார், நீங்கள் புதுப்பேட்டைக்குப் போங்கள்" என்றார்.

கூவம் நதிக்கரையில் உள்ள புதுப்பேட்டையை மோட்டார்களின் மயானம் என்று சொல்வாருண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. மயானத்துக்குப் போனவை திரும்புவதில்லை. இங்கே வந்த கதவும் விளக்கும் மறுபடி வேறொரு வண்டியில் ஏறி ஊர்வலம் போகின்றன. பம்பர்கள் கரும்புக்கட்டுப் போலச் சார்த்தியிருக்கின்றன. சைலென்சர்கள் வாழைத்தார் போலத் தொங்குகின்றன. தரை முழுவதும் எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. நதியின் வாசனையைப் பற்றி விஸ்தரிக்காமல் விடுகிறோம்.

அங்கே ஒரு சந்தில்தான் பெயிண்டர் பாயைக் கண்டோம். வயது அறுபதுக்கு மேலிருக்கும். நம் பச்சைப் பத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துணியில் தின்னரை நனைத்து, கதவின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் தேய்த்தார். துணியில் பச்சை இறங்கிற்று. "பழைய டியூக்கோதான் அம்மா. நல்லது" என்றார்.

டியூக்கோ என்பது அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் 1923-இல் வெளியிட்ட வர்ணத்தின் பெயர். அதற்கு முன் வார்னிஷ் பூச்சுகள் காய்ந்து ஒரு வண்டி வெளிவர வாரக்கணக்கில் ஆகும். நைட்ரோசெல்லுலோஸ் கலந்த இந்த வர்ணமோ மணிக்கணக்கில் காய்ந்தது. கம்பெனிப் பெயரே நம் பட்டறைகளில் அந்த ஜாதி வர்ணத்துக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்டது. அது தின்னர் பட்டால் எப்போதும் கரையும். ஆகவே புதிய பூச்சு பழைய பூச்சோடு கலந்து பிடித்துக்கொள்ளும். வேறு ஜாதி எனாமலின்மேல் இதை அடித்தால், கொதித்த பாலின் ஆடைபோலச் சுருங்கிவிடுமாம்.

பிறகு பாய் கதவு ஓரத்து ரப்பர்ப் பட்டையை உருவினார். உள்ளே, வெயிலும் மழையும் தீண்டாத ஒரு விரற்கடை அகலத்தில், வாழைக்குருத்து! இளம் பச்சையில் மஞ்சள் கலந்த அந்த நிறத்தைப் பார்த்ததும் தாயார் நம்மை ஒரு பார்வை பார்த்தார். வழக்கில் ஜயித்தவரின் பார்வை அது.

ஆனால் வழக்கு முடியவில்லை. பாய் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் காயத்தின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தார். வெட்டிய மரத்தில் வளையங்கள் தெரிவதுபோல அடுக்குகள் தெரிந்தன. மேலே வெளிறிய பச்சை, அதன் கீழ் நல்ல பச்சை, அப்புறம் சாம்பல் நிறப் பிரைமர், அதற்கும் கீழே, சந்தன நிறம்! அதன் பிறகுதான் ரெட் ஆக்சைடும் தகரமும். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அங்கும் சந்தன நிறமே இருந்தது. அதன்மேல் பச்சைத் திவலைகள் தெறித்திருந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வண்டி பச்சையே அல்ல! முந்தைய சொந்தக்காரர் யாரோ பச்சை அடித்திருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் 'பச்சை' என்று ஒரே வார்த்தை இருக்கிறது. தகரம் வேறு கதை சொல்லுகிறது.

"ஸார், பழைய வண்டி சேர்க்கிறவர்கள் கம்பெனி நிறத்தைத்தான் கேட்பார்கள். முழுவதும் சுரண்டிச் சந்தன நிறம் அடித்தால் விலையும் கூடும். என்ன செய்யட்டும்?" என்றார் பாய்.

நாம் யோசித்தோம். சரித்திர பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு 'அசல்' என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. தாயாருக்கு அப்படியொன்றும் இல்லை.

"அது யாரோ ஒருத்தர் வண்டி, பாய். எங்கள் வண்டி பச்சை" என்றார்.

"எந்தப் பச்சை அம்மா? ரப்பருக்குள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?"

இதுதான் நாம் பீச்சுக் குப்பி வாங்கியபோது கேட்டுக்கொள்ளாத கேள்வி. ரப்பருக்குள் இருக்கும் நிறத்தை அப்படியே கலந்து கதவில் ஒரு சாண் பூசினால், அதுவும் பத்துதான்! பக்கத்துத் தகரம் நாற்பது வருஷத்துக்கு மேல் வெயில் குடித்தது. ஆகவே பாய் முதலில் காயத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தார். சாம்பல் போன்ற மேல்படலம் துணியோடு வந்தது. அடியிலிருந்து வெளிப்பட்ட பச்சை, ரப்பருக்குள் இருந்ததைவிடச் சற்று மங்கலாகவும், வெளியே இருந்ததைவிட வெகு உயிரோடும் இருந்தது. தாயார் குனிந்து பார்த்தார். "இது போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த நிறக்கலவையை நாம் இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தோம். வெள்ளை அரைக் குவளை. மஞ்சள் ஒரு கரண்டி. பச்சை சில துளிகள். கறுப்பு, குச்சியின் நுனியால் தொட்டது. ஒரு தகர மூடியில் அடித்து, காயவிட்டு, கதவோடு சேர்த்துப் பிடித்தார். டியூப் விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாயின. நாம் "ஆயிற்று!" என்றோம். பாய் பதில் சொல்லாமல் மூடியை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பளீரென்று வேறாக நின்றது! ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். கலந்த சாயங்கள் வேறாக இருந்தால் இப்படித்தான். பாய் சிவப்புப் புட்டியை எடுத்தார். பச்சையில் சிவப்பா என்று பதறினோம். "பச்சை கத்துகிறது ஸார், கொஞ்சம் அடக்க வேண்டும்" என்று ஒரே ஒரு சொட்டு விட்டார். பிறகு மஞ்சளையும் மாற்றினார். ஐந்தாவது மூடிக்குத் தாயாரின் சம்மதம் கிடைத்தது; வெயிலில், நிழலில், விளக்கில் மூன்றிலும் பார்த்த பிறகே கொடுத்தார். ஈரமாக இருக்கும்போது நாம் அபிப்பிராயம் சொன்னபோதெல்லாம் இருவருமே நம்மைப் பொருட்படுத்தவில்லை.

பூச்சு அரை நாழிகைக் காரியம். ஆனால் பாய் காயத்தோடு நிறுத்தவில்லை. வர்ணத்தை வரவர நீர்க்கச் செய்து, பனி படிவதுபோலச் சுற்றிலும் ஒரு முழ தூரத்துக்குப் பரப்பிக் கரைத்துவிட்டார். கூர்மையான விளிம்பு இருந்தால் சிறு வித்தியாசமும் கண்ணுக்குப் படும். விளிம்பு இல்லாவிட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடும் என்று விளக்கினார். காய்ந்து தேய்த்து முடித்தபோது மணி நாலு.

மிச்ச வர்ணத்தை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, காகிதம் ஒட்டி, "என்ன பெயர் எழுதட்டும் அம்மா?" என்று கேட்டார். தாயார் சொன்னார். பாய் பென்சிலை நாவில் நனைத்து நிதானமாக எழுதினார். அடுப்புப் பக்கம் வைக்கக்கூடாது, சாயம் அடியில் உறைந்துவிடாமல் அவ்வப்போது குலுக்கி வைக்கவேண்டும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

சீசா நம் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கிளப்பி ஓடவிடும்போது, தாயார் அதை எடுத்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து குலுக்குகிறார்.