நாகூர் வெளிமாநிலம்... மாஹே உள்ளூர்!

காரைக்கால்ல பஸ் ஏறி அரசலாற்றைத் தாண்டினா நிரவி. அந்த நிரவி கொம்யூன்ல ஒரு கிராமம்தான் விழிதியூர். வயல், வாய்க்கால், தென்னைன்னு பார்க்க அச்சு அசலா நாகப்பட்டினம் பக்கத்து ஊர் மாதிரியே இருக்கும். ஆனா, வண்டிகளோட நம்பர் பிளேட்டைப் பாருங்க... பி.ஒய். 02! 'கொம்யூன்'ங்கிற வார்த்தையே 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்கே இருந்த பிரெஞ்சு ஆட்சி விட்டுட்டுப் போனதுதான்.

கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. பின்கோடுகூட மயிலாடுதுறை மாதிரியே 609-ல்தான் ஆரம்பிக்கும். ஆனா, நிர்வாகம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். இந்தக் கோடு எப்போ பளிச்சுனு தெரியும்? வீட்டுல செஞ்ச பொருளை ஆன்லைன்ல விற்க ஆரம்பிக்கும்போது!

விழிதியூர்ல ஒரு அக்கா முறுக்கு சுட்டு விற்கறாங்கன்னு வெச்சுக்குவோம். 2017 ஜூலை 1-ல வந்த ஜி.எஸ்.டி.யில், புதுச்சேரிக்குள்ள மட்டும் பொருள் விற்றா வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய் வரைக்கும் பதிவு தேவையில்லை. (தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இது 40 லட்சம். ம்ஹும்!) ஆனா, பக்கத்துல இருக்கிற நாகூருக்கு டோர் டெலிவரி பண்ணினா, அது வெளிமாநில விற்பனை. முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேணும். சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கிற புதுச்சேரி டவுன் உள்ளூர். கேரளாவுக்கு நடுவுல இருக்கிற மாஹேகூட உள்ளூர்தான்!

பெரிய ஷாப்பிங் தளங்கள்ல விற்கலாமேன்னு கேட்கறீங்களா? 2023 அக்டோபர் 1-லேர்ந்து பதிவில்லாத சின்ன வியாபாரிகளும் அங்கே விற்கலாம். அதுக்கு ஜி.எஸ்.டி. தளத்துல ஒரு எண் வாங்கணும். அப்பவும் சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான்.

அதனால, விளம்பரத்துக்குக் காசைக் கொட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான் பாஸ்:

* முதல்ல கூகுள் மேப்ஸ்ல கடையைச் சேருங்க. பைசா செலவில்லை. நாகூர்க்காரர் வழி பார்த்துக் கடைக்கே வந்து கையோட வாங்கிப் போனா, அது உள்ளூர் விற்பனை.

* வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல கஸ்டமர்களை 'காரைக்கால்', 'புதுவை', 'நாகை', 'பணம் பாக்கி'ன்னு லேபிள் போட்டுப் பிரிங்க. 'நாகை' பக்கம் விசாரிக்கறவங்க லிஸ்ட் நீண்டுக்கிட்டே போனா, ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கறது தண்டச் செலவில்லை. ரிட்டர்ன் போடற வேலை வரும். கூடவே சுத்தியிருக்கிற மார்க்கெட்டும் வரும்.

* பிராட்காஸ்ட் மெசேஜ், உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் போய்ச் சேரும். பாக்கெட் மேலேயே நம்பரைப் போட்டு, 'சேவ் பண்ணிக்கோங்க'ன்னு கேளுங்க. பழைய கஸ்டமர்கிட்ட மறுபடி விற்க விளம்பரச் செலவே கிடையாது.

* தையல், டியூஷன் மாதிரி சேவைக்கு இந்த எல்லைத் தொல்லை இல்லை. 20 லட்சம் வரைக்கும் வெளிமாநிலத்துக்கும் பதிவில்லாமலே செய்யலாம்.

மார்க்கெட்டிங் கிளாஸ்ல 'உலகமே உங்க சந்தை'ன்னு சொல்லுவாங்க. விழிதியூர்ல அந்த உலகம் சில கிலோமீட்டர்லயே நிக்குது. தடையா நிக்கறது ஆறோ, ரோடோ இல்லை. ஒரு பதிவு நம்பர். அதை எப்போ வாங்கணும்னு உங்க கஸ்டமர் லிஸ்ட்டே சொல்லும்!