பீதித் தீவுக்கு ஒரு ஃப்ரீ டிரிப்!

டிக்கெட் வேண்டாம். விசா வேண்டாம். வீட்ல பர்மிஷன்கூட வேண்டாம். நாலு ஃப்ரெண்ட்ஸ், பேப்பர், பென்சில், கொஞ்சம் பகடைகள்... போதும் பாஸ், கப்பல் ரெடி!

நாம போகப்போறது 'ஐல் ஆஃப் டிரெட்'. தமிழ்ல சொன்னா, பீதித் தீவு. அட்லஸ்ல தேடாதீங்க. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக டேவிட் குக், டாம் மோல்ட்வே ரெண்டு பேரும் சேர்ந்து எழுத, 1981-ல் வெளியான கற்பனைத் தீவு இது. விளையாட்டு சிம்பிள். ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க வீரன், மந்திரவாதி, திருடன்னு ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, 'நான் இதைப் பண்றேன்'னு சொல்லணும். பலிக்குமா, சொதப்புமாங்கிறதைப் பகடை சொல்லும்.

முதல் தூண்டில், ரோரி பார்பரோசாங்கிற கேப்டனோட கப்பல் குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்கள். தீவின் நடுவே கடவுள்கள் கட்டின நகரமாம்... அங்கே ஒரு கறுப்பு முத்தாம்! கூடவே ஒரு மேப். அதுல கரையோரம் மட்டும்தான் இருக்கும். உள்ளே சுத்தமா வெள்ளை. 6 மைலுக்கு ஒரு அறுகோணக் கட்டமா, நடந்து நடந்து நீங்கதான் நிரப்பணும்.

இறங்குற இடம் தனரோவா கிராமம். அதைத் தாண்டினா தீவை மறிச்சு நிற்குது பிரமாண்டமான சுவர். 1933-ல் வந்த 'கிங் காங்' படம் ஞாபகம் வருதா? கரெக்ட், அதே வாசனை! சுவருக்கு அந்தப் பக்கம் டைனோசர்கள், தார்க் குழிகள், கோரைப் பல் புலி மேல சவாரி போகும் பூனை மனிதர்கள். மரத்துக்கு மரம் காத்துல மிதந்து தாவும் ஃபனட்டான்கள் ஒரு பக்கம்... அவங்களோட பரம எதிரி, மந்திரம் தெரிஞ்ச சிலந்திகள் இன்னொரு பக்கம். யாருக்கு ஹெல்ப் பண்றீங்க? ரெண்டாவது தூண்டில்!

நடுவுல ஒரு பீடபூமி. மேலே ஏறினா ஏரி. கரையில மான்ட்ரு கிராமம். ஏரிக்குள்ளே ஒரு குட்டித் தீவு. அங்கே இடிஞ்சு கிடக்கிற கோயிலுக்கு அடியில, மனுஷன் மனசையே ஆட்டிவைக்கிற கொப்ருங்கிற ஜந்துக்கள். அங்கிருந்து கிளம்பி வர்ற கொள்ளைக் கூட்டத்தால் மான்ட்ரு மக்களுக்கு நிம்மதி போச்சு.

இப்பத்தான் மேட்டரே! நீங்க வந்தது முத்துக்காக. அந்த மக்கள் கேட்கிறது உதவி. முத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. நின்னு சண்டை போட்டா, ஆசை ஆசையா வளர்த்த உங்க கேரக்டர் செத்தும் போகலாம். சண்டையில ஜெயிப்போமான்னு பகடையைக் கேட்கலாம். நிற்கணுமா, ஓடணுமான்னு அதைக் கேட்க முடியாது. தினமும் கேன்டீன்ல பார்க்கிற ஃப்ரெண்ட் யாருன்னு அந்த நிமிஷம்தான் தெரியும்... நீங்க யாருன்னும்!

ஒரு குறையும் சொல்லணும். தீவுவாசின்னாலே காட்டுமிராண்டி, தலை வெட்டுறவன்கிற பழைய சினிமா பார்வை இதுலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கு. ஆனா, கதை நடத்துறது உங்க ஃப்ரெண்டுதானே? மாத்திச் சொல்லச் சொல்லுங்க. அந்த முத்து உண்மையில யாருக்குச் சொந்தம்னு கிராமத்துப் பாட்டி ஒருத்தி கேட்கட்டும். பதில் சொல்ல முடியுதா பாருங்க!

சரி, நங்கூரம் எடுத்தாச்சு. மேப் வெள்ளையா காத்திருக்கு. பென்சில் யார்கிட்ட இருக்கு மச்சி?