5000 கோடி மார்க் ஸ்டாம்ப்



போன வாரம் நான் போட்ட ஜெர்மன் ஸ்டாம்ப் படத்துக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "சார், 5000 கோடி மார்க்னு போட்டிருக்கே, இப்ப வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என் தம்பி மகனும் போனில் அதையேதான் கேட்டான். ஒரு டீ, இரண்டு வடைக்குக் கட்டும். அவ்வளவுதான்.

அது 1923-இல் அச்சான ஸ்டாம்ப். முதல் உலகப் போரைக் கடன் வாங்கியே நடத்திய நாடு ஜெர்மனி. தோற்ற பிறகு இழப்பீட்டுச் சுமை வேறு. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அங்கே தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்ட, அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது.

கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? உள்நாட்டுக் கடிதக் கட்டணத்தை வரிசையாக எழுதி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஜனவரி நடுவில் 50 மார்க். ஆகஸ்ட் தொடக்கத்தில் 1000. அக்டோபர் 1 அன்று 20 லட்சம். நவம்பர் 1 அன்று 10 கோடி, 5 அன்று 100 கோடி, 12 அன்று 1000 கோடி, 20 அன்று 2000 கோடி, 26 அன்று 8000 கோடி. புது ஸ்டாம்ப் அடித்து முடிப்பதற்குள் கட்டணம் ஏறிவிடும். அதனால் பழைய ஸ்டாம்பின் மேலேயே புது விலையை அச்சடித்து விற்றார்கள். 5000 கோடி ஸ்டாம்பில் படம்கூடக் கிடையாது. வட்டமான பின்னல் கோலம், நடுவில் எண். ஜெர்மன் சேகரிப்பாளர்கள் அதைக் 'கூடை மூடி' என்று செல்லமாகச் சொல்வார்கள்.

டிசம்பர் 1 முதல் அதே கடிதத்துக்குப் புது நாணயத்தில் 10 பென்னிக். பழைய கணக்கில் 10,000 கோடி மார்க்! ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க் என்று மாற்றிக் கொடுத்தார்கள். வங்கியில் போட்டு வைத்தவர்கள், தேசத்துக்காகப் போர்க் கடன் பத்திரம் வாங்கியவர்கள் கதி என்ன? வட்டியை நம்பி வாழ்ந்த வயதானவர்களின் சேமிப்பு ஒரு ரொட்டி வாங்கவும் உதவவில்லை. மாதம் பிறந்தால் பென்ஷனை எதிர்பார்க்கும் நான் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிட முடிவதில்லை.

விற்காமல் மிச்சமான ஸ்டாம்புகள் ஏராளம். அதனால்தான் புத்தம் புது ஸ்டாம்புக்கு மதிப்பில்லை. அந்தச் சில நாட்களுக்குள் உண்மையிலேயே கடிதத்தில் ஒட்டப்பட்டு முத்திரை வாங்கியதற்குத்தான் கிராக்கி. வழக்கமாகப் புதுசுக்குத்தானே விலை அதிகம்? இங்கே தலைகீழ். விடுவார்களா, போலி முத்திரை குத்தியும் விற்றார்கள். 'இன்ஃப்லா பெர்லின்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் நிபுணர்கள் பார்த்து, சரியென்றால் பின்பக்கம் சின்னக் குறி வைப்பார்கள்.

என்னிடம் அப்படி ஒரே ஒரு உறை இருக்கிறது. லைப்சிக் முத்திரை, 22.11.23. 1000 கோடி ஸ்டாம்ப் இரண்டு. உள்ளே கடிதம் இல்லை. நாலு நாள் தள்ளிப் போட்டிருந்தால் நாலு மடங்கு ஆகியிருக்கும். அதற்குள் ஓடிப்போய்ப் போட்டிருக்கிறார். என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். பணம் கேட்டா, கல்யாணச் செய்தியா, "நலம், நலமறிய அவா"வா?

1926-இல் வந்த கதே, பேத்தோவன், கான்ட் வரிசையும் இருக்கிறது, செப்பலின் ஆகாயக் கப்பலும் இருக்கிறது. அவற்றைப் பற்றி இன்னொரு நாள்.

ஆல்பத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மகள் கேட்கிறாள். விற்பதாக இல்லை. புது ஸ்டாம்புகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் மெசஞ்சரில் முகவரி அனுப்புங்கள், ஆளுக்கு ஒன்று தபாலில் வரும். 5000 கோடிக்கு எத்தனை சைபர் என்று எண்ணி, பிள்ளையே கார்டில் எழுதி எனக்குப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினால் செல்லாது. லைப்சிக் உறையை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.