250 டாலர் சம்பளத்தில் தொடங்கிய ஒரு கோச்சின் கதை

இது ஒரு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கோச்சைப் பற்றிய பதிவு. "ஸ்போர்ட்ஸ் எல்லாம் நமக்கு எதுக்கு டாக்டர்"னு கடந்து போயிடாதீங்க. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கான விஷயம் ஒண்ணு உள்ளே இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாப் படிங்க.

பெயர் பேட் சம்மிட். 1952-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பகலெல்லாம் பண்ணை வேலை. அது முடிஞ்சா வைக்கோல் பரணில் அண்ணன்களோட கூடைப்பந்து. அவர் சேர வேண்டிய பள்ளியில் பெண்களுக்கு டீம் கிடையாது. பொண்ணு விளையாடணும் என்பதற்காகவே டீம் இருக்கிற பள்ளியைத் தேடி அந்தக் குடும்பம் வீடு மாறியது.

பிள்ளைங்க படிப்புக்காக வீடு மாறுறவங்களைப் பார்த்திருப்போம். 1960-களில் ஒரு பொண்ணோட பந்து விளையாட்டுக்காக மாறியிருக்காங்க!

1974. வயது 22. பட்டப்படிப்பு முடித்து, மேற்படிப்புக்காக டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். படிச்சுக்கிட்டே பெண்கள் டீமுக்கு உதவி கோச்சாக இருக்கலாம்னு ஏற்பாடு. ஆனா அதுக்குள்ள அங்கிருந்த தலைமை கோச் விலகிவிட, "நீங்களே தலைமை கோச்"னு சொல்லிட்டாங்க. டீமில் சிலருக்கு இவரைவிட ஒரு வயசுதான் குறைவு.

எம்.பி.பி.எஸ். முடிச்ச கையோட ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாளா உட்கார்ந்த எனக்கு அந்த 22 வயசு பயம் நல்லாவே புரியும். கேட்க சீனியர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டாங்க. முடிவை நாமதான் எடுக்கணும்.

சம்பளம் மாதம் 250 டாலர். டீமை ஊர் ஊராகக் கூட்டிப் போக வேன் ஓட்டியதும் அவரே. சீருடைகளைத் துவைத்ததும் அவரே. முதல் மேட்ச்சில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

இதுக்கு நடுவில் அவருக்கு முழங்கால் வேற போயிருந்தது. கல்லூரிக் கடைசி வருஷம் விளையாடும்போது ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்துவிட்டது. இன்னைக்கு மாதிரி சிறு துளை வழியா செய்யும் அறுவை சிகிச்சை அப்போ பரவலாக இல்லாத காலம். அந்தக் காலோட மீண்டு வந்து, கோச் வேலையையும் பார்த்துக்கிட்டே, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக விளையாடி வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருஷம்தான். 1984-ல் அதே அமெரிக்க அணிக்கு கோச்சாகத் தங்கம்.

அவர் வேலைக்குச் சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1972-ல், 'டைட்டில் நைன்' என்ற சட்டம் அங்கே வந்திருந்தது. அரசு நிதி வாங்குற கல்வி நிலையங்கள் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அது. பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகள் மெல்ல மெல்லக் காசு ஒதுக்க ஆரம்பித்தன. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போய் வேலை செய்ய ஆள் வேணுமே? அந்த ஆட்களில் ஒருவர் இவர்.

முதல் தேசியக் கோப்பை எப்போ வந்தது தெரியுமா? 1987. பொறுப்பேற்று 13 வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம் வரிசையா வந்து, 2008-க்குள் மொத்தம் 8 கோப்பைகள். 1997-98 சீசனில் ஆடிய 39 மேட்ச்சிலும் வெற்றி. அதே பல்கலைக்கழகத்தில் மொத்தம் 38 சீசன், 1,098 வெற்றி, 208 தோல்வி.

நடுவில் ஆண்கள் டீமுக்குக் கோச்சாக வர்றீங்களான்னு கேட்டாங்க. மறுத்துட்டார். ஆண்கள் டீமுக்குப் போறதை ஏன் பதவி உயர்வுன்னு நினைக்கிறீங்க என்பதுதான் அவர் திருப்பிக் கேட்டது. 2006-ல் அவர் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் டீம் கோச் ஒருவருக்கு அவ்வளவு வந்தது அதுவே முதல் முறை.

எனக்குப் பிடிச்சது வேற ஒரு கணக்கு. அவரிடம் கல்லூரிக் காலம் முழுக்க ஆடி முடித்த அத்தனை மாணவிகளும் பட்டம் வாங்கினாங்க. வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூணு வரிசைக்குள்தான் உட்காரணும் என்பது அவர் போட்ட விதி. அவரிடம் ஆடியவர்களில் பலர் பின்னாளில் கோச் ஆனாங்க.

இனி டாக்டரா என் பகுதிக்கு வர்றேன்.

2010-11 சீசனில் அவருக்குச் சின்னச் சின்னதா ஏதோ தட்டுப்பட ஆரம்பித்தது. மேட்ச் நடுவில் அடுத்து என்ன ஆட்டமுறை சொல்லணும்னு தோணாமல் வெறுமையா நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் மூச்சு விடுற மாதிரி செய்த வேலை அது. ஏற்கெனவே முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கிட்டு இருந்ததால், மருந்தோட பக்க விளைவா இருக்கும்னு முதலில் நினைத்தார்.

2011-ல் மேயோ கிளினிக்கில் பரிசோதனை. முடிவு அல்சைமர். 65 வயதுக்கு முன்னாடியே வரும் வகை. அவருக்கு வயது 58.

அந்த ஆகஸ்டில் மாணவிகளிடமும் நாட்டு மக்களிடமும் வெளிப்படையாச் சொல்லிவிட்டார். சொன்னதோட விலகலை. இன்னும் ஒரு சீசன் கோச்சாக நின்றார். மேட்ச் நேரத்தில் பெரும்பாலான பொறுப்பை உதவி கோச்சுகள் எடுத்துக்கிட்டாங்க. முன்னால் நின்றவர் ஹாலி வார்லிக். 1970-களில் இவரிடமே ஆடிய மாணவி. அந்த சீசனிலும் 27 வெற்றி. 2012 ஏப்ரலில் பொறுப்பு ஹாலியிடமே போனது. 2016 ஜூனில் பேட் சம்மிட் காலமானார். வயது 64.

மருந்தால் அவர் குணமாகலைங்க. இன்னைக்கு வரைக்கும் அல்சைமரை முழுசா குணப்படுத்தும் மருந்து கிடையாது. சீக்கிரம் தெரிஞ்சதால் அவருக்குக் கிடைத்தது நேரம். தன் டீமை யாரிடம் ஒப்படைக்கிறதுன்னு தெளிவோடு இருக்கும்போதே முடிவு செய்ய முடிந்தது. மறைத்திருந்தால், "கோச்சுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு முதுகுக்குப் பின்னாடி பேசியிருப்பாங்க. சொன்னதால், வளர்த்துவிட்ட பிள்ளைகள் பக்கத்தில் வந்து தாங்கிக்கிட்டாங்க.

எங்க ஓ.பி.க்கு வர்ற குடும்பங்கள் பெரும்பாலும் "வயசானா மறதி சகஜம்தானே"ன்னு ரெண்டு மூணு வருஷம் கடத்திட்டுத்தான் வர்றாங்க. வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க என்ற கூச்சமும் உண்டு.

சாவியை எங்க வெச்சோம்னு மறக்கிறது எல்லாருக்கும் நடக்கும். கவனிக்க வேண்டியது வேற. காலமெல்லாம் சமைத்த குழம்பில் அடுத்து என்ன போடணும்னு அம்மா தடுமாறுறாங்களா? பழகின தெருவில் அப்பா வழி தவறுறாரா? கணக்கில் புலியா இருந்தவர் சில்லறை எண்ணத் திணறுறாரா? கூட்டிட்டு வாங்க.

வந்தா எல்லாமே அல்சைமர்னு ஆயிடாது. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம், சில மருந்துகள், தலையில் அடிபட்டு உள்ளே கட்டிய ரத்தம் என சரி செய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கவாவது சீக்கிரம் வரணும்.

அல்சைமர்தான் என்றாலும் பயந்து மறைக்க வேண்டாம். சொத்து, சேமிப்பு, யார் கூட இருக்கணும், எப்படிப் பார்த்துக்கணும் என்பதையெல்லாம் அவங்க வாயாலேயே கேட்டுத் தெரிஞ்சுக்க இன்னும் காலம் இருக்கும். அவங்களால் முடிகிற வேலையைப் பிடுங்காதீங்க. முடியாததுக்குப் பக்கத்தில் நில்லுங்க.

வீட்டில் யாருக்காவது இப்படித் தோணினா, பக்கத்து அரசு மருத்துவமனையில் இந்த வாரமே காட்டிடுங்க.