ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன்

கடந்த மாதம் ஒரு விமானத்தைத் தவறவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. துறை நண்பர்கள் சிலர் அதனை வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பதால் நடந்ததை எழுதிவிடுவது நல்லது. எழுதுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு; அதை இறுதியில் சொல்கிறேன்.

களப்பணிக்குப் புறப்பட்ட நாள் அது. கைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு ஒலிவாங்கிகள், அவற்றின் கம்பிகள், ரப்பர் பட்டையால் சேர்த்துக் கட்டிய எட்டு பேட்டரிகள். அடியில், அம்மா கொடுத்தனுப்பிய ஒரு கிலோ அல்வா. விமான நிலைய எக்ஸ்ரே திரையில் கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும் உலோகங்கள் நீல நிறத்திலும் தெரியும். ஆரஞ்சு நிறக் கட்டி ஒன்று, அதன்மேல் நீல உருளைகள், சுற்றிலும் நெளியும் கம்பிகள். பயிற்சி வகுப்புக்காகவே அடுக்கியதுபோல இருந்திருக்கும் என் பை. அதை நிறுத்தி வைத்தார்கள். வரிசை நீண்டது. பொறுமையிழந்த நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “இனிப்புதான் சார், பாம் இல்லை.”

அதன்பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. தனியறை, விசாரணை, எழுத்து வடிவில் ஒரு விளக்கம். வெடிபொருள் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். பையின் உட்புறத்தையும் என் உள்ளங்கைகளையும் சிறு துணியால் துடைத்து, கருவியில் வைத்துப் பார்த்தார். பின்னர் பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அல்வாப் பொட்டலத்தைக் காட்டி, “இதைக் கட்டியது யார்?” என்று மட்டும் கேட்டார். “அம்மா” என்றேன். தலையசைத்தார். எல்லாம் முடிந்தபோது விமானம் போய்விட்டிருந்தது.

இதில் வெட்கத்துக்குரியது என்னவென்றால், மிரட்டல் மொழிதான் என் ஆய்வுப் பொருள். ஒரு கூற்றின் ஆற்றல் அது நிகழும் இடத்தையும் சூழலையும் பொறுத்தது என்று ஆஸ்டினை முன்வைத்து மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் ‘இல்லை’ என்னும் சொல் அதற்கு முன்னால் நின்ற சொல்லை அழிக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிரவு சித்தப்பாவை அழைத்தேன். விமான நிலையங்களில் வெடிகுண்டைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்றவர் அவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த மனுஷன் உன் பையை எப்படிப் பிரிச்சார்? ஒண்ணொண்ணா எடுத்து வச்சாரா?” என்று கேட்டார். ஆம் என்றதும், “நல்லாத் தொழில் தெரிஞ்சவர்” என்றார்.

இத்தனை ஆண்டுகளில் அவருடைய வேலையைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

எந்தக் கருவியும் ‘இது வெடிகுண்டு’ என்று சொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்கினார். எக்ஸ்ரே, பொருளின் அடர்த்தியையும் அதிலுள்ள தனிமங்களின் இயல்பையும் நிறமாக்கிக் காட்டுகிறது. பெரும்பாலான வெடிமருந்துகளில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். உணவுப் பொருள்களும் ஏறத்தாழ அவற்றால் ஆனவையே. துணியில் துடைத்துச் சோதிக்கும் கருவி மூலக்கூறுகளின் தடத்தைத் தேடுகிறது. இதய நோயாளி நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின், வெடிமருந்தாகவும் பயன்படும் அதே வேதிப்பொருள். மோப்ப நாய் குரைப்பதில்லை. மணத்தைக் கண்டதும் அமைதியாக உட்கார்ந்துவிடும். நிறம், ஒலி, உட்கார்ந்த நாய் எல்லாமே குறிகள் மட்டுமே. குறிக்குப் பொருள் சொல்ல ஒரு மனிதன் நடந்து போக வேண்டும். 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள காப்புடை அணிந்து, எல்லாரையும் அப்புறப்படுத்திய பிறகு, தனியாக.

“எத்தனை குண்டு கண்டுபிடிச்சீங்க, சித்தப்பா?”

“ஒண்ணுகூட இல்லை.”

மறந்து விட்டுச்சென்ற பெட்டிகள், குக்கர், பேரீச்சம்பழப் பொதி, களிமண் பிள்ளையார், ஒருமுறை சில பழைய துப்பாக்கித் தோட்டாக்கள். அவ்வளவே. இந்த வேலையின் கடினம் அச்சத்தில் இல்லை, சலிப்பில்தான் இருக்கிறது என்றார். உண்மையான குண்டு அரிதினும் அரிது என்பதால் கண்ணும் மூக்கும் மழுங்கிவிடும். ஆகவே எக்ஸ்ரே திரையில் அவ்வப்போது போலியான குண்டுப் படத்தைக் கணினியே செருகிவிடும். பார்ப்பவர் விழிப்புடன் இருக்கிறாரா என்று அறிய. நாய்க்காக வெடிமருந்து மாதிரிகளை ஒளித்து வைத்துத் தேடச் செய்வார்கள். தேடியும் எதுவுமே கிடைக்காத நாய் ஊக்கம் இழந்துவிடும். மெய்யை அடையாளம் காணும் திறனைப் பொய்களைக் கொண்டே உயிரோடு வைத்திருக்கும் தொழில் அது.

பிறகு கனிஷ்காவைப் பற்றிச் சொன்னார். 1985 ஜூன் 22. வான்கூவரில் ஒரு பயணியின் பெட்டி ஏறியது, பயணி ஏறவில்லை. டொரண்டோவில் அந்தப் பெட்டி ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டும். அன்று பிற்பகல் அங்கிருந்த எக்ஸ்ரே கருவி பழுதாகிவிட, கையில் பிடிக்கும் மோப்பக் கருவியைக் கொண்டு பெட்டிகளைச் சோதித்தார்கள். கருவி எப்படி ஒலிக்கும் என்பதை எரியும் தீக்குச்சியை அருகில் வைத்துக் காட்டியிருந்தார்கள். அது உரத்து, நீண்டு ஒலித்தது. ஒரு பெட்டியின் அருகே கருவி மெல்லிதாக, சுருக்கமாக ஒலித்தது. அந்தச் சிறிய ஒலிக்கு என்ன பொருள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பெட்டி உள்ளே போனது. மறுநாள் அயர்லாந்துக்கு அப்பால், அட்லாண்டிக் கடலின் மேல், 329 பேர் இறந்தார்கள்.

மொழியியல் மாணவர்கள் அந்த வழக்கின் இன்னொரு பகுதியையும் அறிந்திருக்க வேண்டும். சதியில் சந்தேகிக்கப்பட்டவரின் தொலைபேசி உரையாடல்களைக் கனடாவின் உளவு நிறுவனம் முன்பே பதிவு செய்து வந்தது. அவை பஞ்சாபியில் இருந்தன. மொழிபெயர்க்க ஆளில்லாமல் நாடாக்கள் தேங்கின. பின்னர் அவற்றுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. ஒலியும் இருந்தது, மொழியும் இருந்தது. கேட்டுப் பொருள் சொல்ல உரிய நேரத்தில் ஆளில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1984 ஆகஸ்ட் 2 அன்று, மீனம்பாக்கத்தில் நடந்ததும் அப்படித்தான். பயணி இல்லாத பெட்டிகள் நிலையத்துக்குள் இருந்தன. வெடிக்கும் என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அந்தக் குரலை நம்புவதா வேண்டாமா என்று முடிவாவதற்குள் இரவு பதினொரு மணியை ஒட்டி வெடித்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சித்தப்பா அப்போது பல்லாவரத்தில் பள்ளி மாணவர். சத்தம் கேட்டதா என்றேன். “தூங்கிட்டேன்டா” என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

இனி, நான் சொல்ல வந்த காரணம். 2024 நவம்பர் நடுப்பகுதி வரையிலான மாதங்களில் மட்டும் நம் நாட்டு விமானப் போக்குவரத்துக்கு 999 பொய் மிரட்டல்கள் வந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒவ்வொன்றும் வரும்போது விமான நிலையத்தில் ஒரு குழு கூடி, அது குறிப்பானதா, பொதுவானதா என்று தீர்மானிக்கிறது. குறிப்பானது என்றால் விமானம் தனியிடத்துக்குப் போகும், பெட்டிகள் இறங்கும், நாய் வரும். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இத்தகைய செய்திகளை ‘வெற்று மிரட்டல்’ என்ற வகைக்குள் அடக்கி, அவற்றின் வினைமுற்றுகளையும் நிபந்தனைத் தொடர்களையும் அட்டவணைப்படுத்தியிருந்தேன். அதைச் சித்தப்பாவிடம் சற்றுப் பெருமையோடு விளக்கினேன்.

“வெற்றுன்னு எப்போ தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. என் தரவில் அந்த நடை எங்குமே இல்லை. அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவே அந்தச் செய்தியின் இயல்பு என்று எழுதியிருந்தேன். செய்தியைப் பெற்றவரின் கையில் அந்த நொடியில் இருந்தவை சொற்கள் மட்டுமே. அவற்றின் இலக்கணத்தில் பொய்க்கென்று தனி விகுதி ஏதுமில்லை.

இந்த வாரம் அந்த இயலைத் திரும்ப எழுதுகிறேன். ‘வெற்று’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டேன். அதனால் இரண்டு அட்டவணைகள் பயனற்றுப் போயின. நெறியாளர் காரணம் கேட்டிருக்கிறார். இந்தப் பதிவையே அவருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அல்வா களப்பணி ஊருக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கெட்டுப்போகவில்லை.